தட்டினேன், நின்றது

அந்தக் கட்டடத்தில் அவருக்கு ஆந்தை என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஊர் உறங்கும்போது விழித்திருந்து ஊர் விழிக்கும்போது படுக்கப் போகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? முப்பத்தோரு வருடமாக ரொட்டி அடுப்புக்கு முன்னால் நின்றவர். இரவு பத்துக்குப் போனால் காலை எட்டுக்குத்தான் வீடு. முடி நரைத்திருக்கிறதா, மாவு படிந்திருக்கிறதா என்பது அவர் குளித்து வந்த பிறகுதான் மனைவிக்கே தெரியும்.

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. அவர் உள்ளே வரும் நேரத்தில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். சொல்ல வேண்டியதையெல்லாம் துண்டுக் காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போவாள். “உலகத்துல எல்லாரும் கல்யாணத்துக்கு முன்னாடிதான் லெட்டர் எழுதுவாங்க. நான் இருபத்தஞ்சு வருஷமா எழுதிட்டிருக்கேன்” என்று கடையில் சொல்லிச் சிரிப்பாள்.

ஒன்பது மணிக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாரென்றால் நான்கு வரை அவருக்கு உலகம் கிடையாது. பகல் தூக்கம் நோஞ்சான் பிள்ளை மாதிரி. பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டும். நல்லவேளையாகப் பகலில் அந்தக் கட்டடமே காலியாகக் கிடக்கும். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். எஞ்சியிருப்பவர்கள் இரண்டே பேர்: முதல் மாடியில் காது மந்தமான ஒரு பெரியவர், இரண்டாம் மாடியில் ஆந்தை.

மூன்றாம் மாடியில், அவர் படுக்கையறைக்கு நேர் மேலே, ஒரு சின்னக் குடும்பம் இருந்தது. புருஷன் வேன் ஓட்டிச் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். பெண்டாட்டிக்குப் பல் செட் செய்கிற ஒரு கூடத்தில் அரைநாள் வேலை. பகல் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆறு வயதில் ஒரு மகள். அவளைக் குருவி என்று கூப்பிடுவார்கள். இரண்டு வருடம் அவர்கள் இருந்த இடமே தெரியவில்லை. மூன்றாவது வருடத்தில் சத்தம் ஆரம்பித்தது.

கனமான கூரை என்பதால் பேச்சு எதுவும் கீழே இறங்காது. மோதுகிற சத்தம் மட்டும் இறங்கும். நாற்காலி இழுபடும். பாத்திரம் விழுந்து உருளும். ஏதோ மூட்டையைச் சுவரில் சாய்த்ததுபோல் தொம்மென்று ஒன்று கேட்கும். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். ஆந்தை திடுக்கிட்டு எழுந்து உட்கார்வார். ‘அந்தப் பொடிசு கட்டில்மேல ஏறிக் குதிக்குது. கேட்பாரில்லை’ என்று பல்லைக் கடிப்பார். கட்டிலுக்கடியில் கிடக்கும் துடைப்பத்தை எடுத்து அதன் கட்டையால் கூரையில் மூன்று தட்டுத் தட்டுவார். மேலே சட்டென்று அடங்கிவிடும். போன தூக்கம் மட்டும் திரும்பி வராது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜரிடம் போய் முறையிட்டார். மேனேஜர் விதிப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ஆள். “மொட்டையா சத்தம் சத்தம்னா நான் என்ன பண்ண முடியும் சார்? தேதி, நேரம், என்ன சத்தம், எல்லாம் எழுதிக் குடுங்க” என்றார்.

எழுதச் சொன்னால் எழுதாமல் இருப்பாரா? மாவில் உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் குறித்துவைக்கிற மனிதர். அன்றே ஒரு நோட்டு வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். ‘பகல் 1.20. நாற்காலி. பிறகு கனமாக ஏதோ விழுந்தது. தட்டினேன், நின்றது.’ ‘பகல் 2.05. தட்டு, டம்ளர் உருண்ட சத்தம். தட்டினேன், நின்றது.’ ஐந்து மாதத்தில் பதினேழு பக்கம் நிரம்பியது. அதிலிருந்து பார்த்தெழுதி மூன்று புகார்க் கடிதம் கொடுத்தார். மேலே எதுவும் மாறவில்லை.

கடைசியில் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். ஒருநாள் குளிர்பெட்டிக் கதவில் ஒரு சின்ன உறை ஒட்டியிருந்தது. உள்ளே காதில் அடைத்துக்கொள்ளும் மெழுகு உருண்டைகள். ‘ஊர் வாயை மூட முடியாது. உங்க காதை மூடலாம்’ என்று எழுதியிருந்தாள்.

என்ன அருமையான தூக்கம்! கும்பகர்ணன் தோற்றான். பதினாறு நாள் அவர் குழந்தை மாதிரி தூங்கினார். கன்னத்தில் சதை போட்டுவிட்டது என்று அடுப்படியில் கேலி செய்தார்கள்.

பதினேழாம் நாள் மேனேஜர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘தாங்கள் அளித்த மூன்று புகார்களையும், மேற்படி வீட்டுக்குக் காவல்துறை இருமுறை வந்துள்ளதையும் கருத்தில் கொண்டு, மற்றவர்களின் அமைதியைக் குலைத்த குற்றத்துக்காக, மூன்றாம் மாடிக் குடித்தனக்காரர்கள் முப்பது நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்யுமாறு அறிவிக்கப்பட்டுள்ளது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.’

ஆந்தைக்குச் சந்தோஷம்தான். போலீஸ் ஏன் வந்தது என்று ஒரு கணம் தோன்றியது. வேன்காரன் எங்காவது இடித்திருப்பான் என்று அந்த நினைப்பை ஓரங்கட்டிவிட்டு எழுந்து, பால் வாங்கக் கிளம்பினார். மணி நான்கரை இருக்கும்.

படியில் எதிரே அவள் வந்துகொண்டிருந்தாள். பள்ளியிலிருந்து குருவியைக் கூட்டி வருகிறாள். இடது கை முழங்கை வரை மாவுக்கட்டில் கழுத்தோடு தொங்கியது. குருவியின் புத்தகப் பை வலது தோளில். இடது கண்ணுக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாக ஒரு பழைய காயம் ஆறிக்கொண்டிருந்தது. வழிவிடுவதற்காகச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“அண்ணா, மன்னிச்சுக்குங்க” என்றாள். “ராத்திரியெல்லாம் அடுப்புல நிக்கிறவங்க நீங்க. உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டோம். இந்த மாசக் கடைசியில போயிடுவோம்.”

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். இல்லை. உண்மையாகவே மன்னிப்புக் கேட்டாள். அவர் “பரவாயில்லம்மா” என்று எதையோ மென்று விழுங்கிவிட்டு இறங்கினார். பால் கடைக்குப் போனவர் பால் வாங்காமல் திரும்பி வந்தார்.

ஆறு மணிக்கு மனைவி வந்தபோது அவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கடிதத்தையும் நோட்டையும் அவள் முன் வைத்து, படியில் பார்த்ததைச் சொன்னார்.

அவள் கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

“என்னங்க, யார் குதிக்கிறதா நினைச்சு இதெல்லாம் எழுதினீங்க?”

“அந்தப் பொடிசுதான்.”

“ஒன்னு இருபது. ஒன்னே முக்கால். ரெண்டு அஞ்சு. ரெண்டரை.” விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். “குழந்தை நாலு மணி வரைக்கும் ஸ்கூல்ல இருக்குதுங்க.”

அவள் இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள்.

“ஒரு ஞாயித்துக்கிழமை கூட இல்ல பாருங்க. குழந்தை வீட்ல இருக்கிற ஒரு நாள் கூட இதுல இல்ல.”

சுவரில் மூட்டையைச் சாய்த்தது போன்ற அந்தச் சத்தம் இப்போது மறுபடி அவர் காதில் விழுந்தது. அது மூட்டை இல்லை.

“எழுந்திரிங்க” என்றாள் மனைவி. “மேல போவோம்.”

“என்ன முகத்தை வெச்சுக்கிட்டு?”

“இருக்கிற முகத்தை வெச்சுக்கிட்டுத்தான்.”

கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ கனமான பொருள் தரையில் அரைபட்டு நகரும் சத்தம் கேட்டது. கதவு நான்கு விரல் திறந்தது. சங்கிலிக்குப் பின்னால் அவள் கண். இவர்களைக் கண்டதும் மூச்சை விட்டாள். உள்ளே, வாசலுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய மர அலமாரி பாதி நகர்ந்து நின்றது. அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று புரிய ஆந்தைக்கு நேரமாகவில்லை. ஒற்றைக் கையோடு இதை எப்படித் தள்ளினாள் என்பதுதான் புரியவில்லை. குருவி சொன்னாள்: “நானும் அம்மாவும் சேர்ந்து முதுகால தள்ளுவோம். நான்தான் ஒன்னு ரெண்டு மூணு சொல்லுவேன்.”

மனைவி குருவியின் தலையைத் தடவி, வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போகச் சொன்னாள். பிறகு, “நாங்க தப்பா நினைச்சுட்டோம்” என்றாள். சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது. “எவ்வளவு நாளா அடிக்கிறான்?”

அந்தப் பெண் கொஞ்ச நேரம் மாவுக்கட்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். ஒரு வருடத்துக்கு மேலாக. மத்தியானம் சாப்பிட வருகிற நேரத்தில். குழந்தை பார்க்கக்கூடாது என்று அவனே நேரம் பார்த்துத்தான் அடிப்பான். ஒருமுறை போலீஸைக் கூப்பிட்டாள். வழுக்கி விழுந்தாள் என்று அவன் சொன்னான், அவர்களும் போய்விட்டார்கள். இரண்டாவது முறை கை ஒடிந்து போனதால் அவனைக் கொண்டுபோனார்கள். இப்போது ஜாமீனில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறான். பக்கத்தில் வரக்கூடாது என்று உத்தரவு. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அவன் பெயரும் இருக்கிறது. சாவியும் அவனிடம் இருக்கிறது.

“இது என் வீடு, எப்ப வேணா வருவேன்னு போன்ல சொல்றாருக்கா.”

“ஒரு நிமிஷம்” என்றாள் மனைவி. “அவர் உனக்கு அண்ணான்னா நான் அண்ணி. என்னை அக்கான்னு கூப்பிட்டா எங்க கல்யாணமே செல்லாமப் போயிடும்.”

எதிர்பாராமல் வந்த சிரிப்பு அது. அந்தப் பெண் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று மனைவி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து முதுகில் கைவைத்தாள். ஆந்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் உங்க புகாரைப் பத்தித் தப்பா நினைக்கலண்ணா” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நீங்க தட்டுவீங்கல்ல கீழேருந்து? தட்டினா அவர் நிறுத்திடுவாரு. கீழ ஆள் முழிச்சிருக்கு, கேட்டுக்கிட்டிருக்குன்னு ஒரு பயம். அப்புறம் அப்புறம் நானே… கைக்கு எட்டின தட்டு, டம்ளரைத் தள்ளி விட்டுடுவேன். நீங்க முழிச்சுக்கணும்னு.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“வேணும்னே தள்ளுவியா?”

“ஸ்டீல் தட்டுத்தான் நல்லா சத்தம் போடும்.” சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. “கடைசியில கொஞ்ச நாள் நீங்க தட்டல. எல்லாத் தட்டையும் தள்ளிப் பார்த்தேன். அந்த நேரத்துலதான் கை போச்சு.” பிறகு, குற்றஞ்சாட்டல் எதுவும் இல்லாத குரலில் கேட்டாள்: “ஊருக்குப் போயிருந்தீங்களா அண்ணா?”

மனைவியின் கை அந்தப் பெண்ணின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. ஆந்தை மனைவியைப் பார்க்கவில்லை.

“ம்” என்றார். “ஊருக்குப் போயிருந்தேன்.”

கீழே இறங்கி வந்த பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் குளிர்பெட்டிக் கதவில் எந்தக் காகிதமும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

அந்த வாரமே வக்கீலம்மா வந்தார். கையில் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய இலவசச் சட்ட உதவிக்காரர். தடித்த கண்ணாடி, தோளில் எப்போதும் நழுவுகிற பை. மூன்றாம் மாடியில் அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் எடுத்துச் சொன்னார்.

“இங்க பாருங்க. அடி வாங்கினவங்களை, அடி வாங்கின சத்தத்துக்காக வீட்டை விட்டுத் துரத்தக்கூடாது. சட்டத்துல இருக்கு. உதவி கேட்டுப் போலீஸைக் கூப்பிட்டதையும் தொந்தரவுக் கணக்குல சேர்க்கக்கூடாது. அடிச்சவன் பேரை மட்டும் ஒப்பந்தத்துல இருந்து எடுக்கச் சொல்லலாம். பூட்டை மாத்தித் தரச் சொல்லலாம். ஆனா ஒன்னு. சட்டம் தானா படியேறி வராது. நாமதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்.”

“என்ன வேணும்?” என்று கேட்டாள் மனைவி.

“அந்தச் சத்தம் எல்லாம் அடிதான்னு காட்டணும். ஆஸ்பத்திரிச் சீட்டு நாலு இருக்கு. ஆனா கட்டடத்தை வெச்சிருக்கிற கம்பெனிக்காரங்க, அது வேற இது வேற, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்துதான் ரகளை பண்ணாங்கம்பாங்க. பார்த்தவங்க, கேட்டவங்க யாராவது வேணும்.”

ஆந்தை கீழே போய் நோட்டை எடுத்து வந்தார். வக்கீலம்மா ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒரு பக்கமும் நோட்டை ஒரு பக்கமும் வைத்துத் தேதியைத் தேதியோடு பொருத்திப் பார்த்தார். முதல் சீட்டு பொருந்தியது. இரண்டாவது, மூன்றாவது பொருந்தின. நோட்டின் மடிப்புகளிலிருந்து மாவு உதிர்ந்து அவர் புடவையில் விழுந்தது.

“ஐயா, இது தங்கம்” என்றார். பிறகு பக்கத்தைப் புரட்டி, “கை ஒடிஞ்ச தேதிக்கு மட்டும் ஒன்னும் எழுதலையே?” என்றார்.

“ஊர்ல இல்ல” என்றாள் அந்தப் பெண், அவருக்காக.

வாடகை வழக்குகளை விசாரிக்கும் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. நீளமான மேஜை, ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற மின்விசிறி. நடுவில் விசாரணை அதிகாரி. தலை முழுக்க வெளுத்த, மெதுவாகப் பேசுகிற அம்மா. ஒரு பக்கம் மேனேஜரும் கம்பெனி வக்கீலும். மறுபக்கம் இவர்கள். வேன்காரன் வரவில்லை. அப்படியும் அந்தப் பெண் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆந்தை இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பித்தான் வயிற்றில் திணறியது.

கம்பெனி வக்கீல் மூன்று கடிதங்களையும் எடுத்துக் காட்டினார். “இது உங்க கையெழுத்துதானே?”

“என்னோடதுதான்.”

“இப்ப இந்தப் புகாரை வாபஸ் வாங்கறீங்களா?”

“வாபஸ் எல்லாம் வாங்கல சார். திருத்தம் சொல்ல வந்திருக்கேன். சத்தம் கேட்டது நிஜம். யார் மேல குத்தம்னு எழுதினதுதான் தப்பு. வீடு எரியுது, புகை வருதுன்னு வீட்டுக்காரி மேல புகார் குடுத்தவன் நான். தீ வெச்சவன் பேரை எழுதல.”

விசாரணை அதிகாரி நோட்டைக் கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் உதடு லேசாக அசைந்தது. தட்டினேன், நின்றது. தட்டினேன், நின்றது. ஒரு பக்கத்தில் நிறுத்தினார். “இதுக்கப்புறம், காலி செய்யச் சொன்ன நாள் வரைக்கும், பதினாறு நாள் ஒன்னும் இல்லையே?”

கம்பெனி வக்கீல் அதற்காகத்தான் காத்திருந்தது போல் எழுந்தார். “அதைத்தான் நானும் கேட்கலாம்னு இருந்தேன். கை ஒடிஞ்சதுன்னு சொல்ற நாளும் அதுக்குள்ளதான் வருது. பகல் முழுக்க வீட்ல இருக்கிறவர், குண்டூசி விழுந்தாக் கூட எழுதறவர், அன்னிக்கு ஒரு சத்தமும் கேட்கலன்னா, சத்தமே இல்லைன்னுதானே அர்த்தம்? இல்ல, இவர் தோணினப்ப எழுதற நோட்டா இது?”

வக்கீலம்மா அவசரமாக, “அவர் ஊர்ல…” என்று ஆரம்பித்தார்.

“ஊர்லதான் இருந்தேன்” என்றார் ஆந்தை.

மின்விசிறி ஒரு சுற்று வந்து போனது.

“வீட்லதான் இருந்தேன்மா. என் கட்டில்லதான் படுத்திருந்தேன். காதுல மெழுகு அடைச்சுக்கிட்டுத் தூங்கினேன். அந்தப் பதினாறு நாளும்.” நோட்டைக் கைகாட்டினார். “சத்தம் இல்லாமப் போகல. நான் கேட்காமப் போயிட்டேன். மேல இவங்க தட்டுத் தட்டாத் தள்ளிவிட்டிருக்காங்க, நான் முழிச்சுக்கணும்னு. நான் தட்டின நாளெல்லாம் நின்னிருக்கு. தட்டாத நாள்தான் கை ஒடிஞ்சிருக்கு. அந்த நோட்டுல எழுதினதை விட எழுதாம விட்ட பக்கம்தான் சாட்சி. அதையும் எழுதிக்குங்க.”

பக்கத்தில் அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. மனைவி மட்டும் மேஜைக்கடியில் அவர் கையைத் தேடி இறுகப் பற்றிக்கொண்டாள். உறையை ஒட்டிவைத்தவள் அவள்தானே.

கம்பெனி வக்கீல் வேறு கேள்வி கேட்கவில்லை. மேனேஜர் தன் முன்னாலிருந்த விதிப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் கூட்டமில்லை. மனைவியும் அந்தப் பெண்ணும் முன் இருக்கையில். ஆந்தை பின்னால், தனியாக. மூன்று நிறுத்தம் கடந்தது. பிறகு அந்தப் பெண் திரும்பாமலே சொன்னாள்:

“ஊருக்குப் போயிருந்தேன்னு சொன்னீங்களே அண்ணா.”

“பொய் சொன்னேன்மா.”

“தெரியும்.”

அவர் நிமிர்ந்தார்.

“தினமும் காலையில வேலைக்கு இறங்கிப் போறப்ப உங்க வாசல்ல மாவுச் செருப்பு கிடக்கும். அந்தப் பதினாறு நாளும் கிடந்துச்சு. உடம்புக்கு முடியலையோன்னு ஒருநாள் கதவுகிட்ட நின்னு கூடப் பார்த்தேன். குறட்டை கேட்டுச்சு. சரி, நல்லாத்தான் இருக்காருன்னு போயிட்டேன்.”

“அப்புறம் ஏம்மா கேட்ட?”

“ஆமான்னு சொல்லிடுவீங்கன்னுதான்.” கொஞ்சம் பொறுத்து, “சொன்னீங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. இன்னிக்கும் அதையே சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?” என்றாள்.

“சொல்லியிருக்கலாம்.”

“சொல்லலையே நீங்க.”

அவள் மன்னித்தாளா இல்லையா என்று ஆந்தைக்குத் தெரியவில்லை; கேட்கவும் தனக்கு உரிமை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த திருப்பத்தில் பேருந்து வளைந்தபோது அவள் தலை மெல்லச் சாய்ந்து மனைவியின் தோளில் விழுந்தது. தூங்கிவிட்டிருந்தாள். மனைவி கண்ணால் ஜாடை காட்ட, அவர் எழுந்து போய் ஜன்னல் வெயில் அவள் முகத்தில் படாதபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்க வேண்டிய இடம் வந்தது. மனைவி எழுப்பவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி மூவரும் நடந்தே வந்தார்கள்.

பதினோராம் நாள் தீர்ப்பு வந்தது. காலி செய்யச் சொன்ன அறிவிப்பு செல்லாது. ஒப்பந்தத்தில் வேன்காரன் பெயரை நீக்கி, அந்தப் பெண்ணின் பெயரில் மட்டும் புதிதாக எழுத வேண்டும். ஒரு நாளைக்குள் பூட்டை மாற்றித் தர வேண்டும், செலவு கம்பெனியுடையது.

மேனேஜர் ஆள் அனுப்பாமல் தானே பூட்டுக்காரரோடு வந்தார். வேலை முடியும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார். புதுச் சாவியை மூன்று முறை போட்டுத் திறந்து, மூன்று முறை பூட்டிப் பார்த்துவிட்டு அவள் கையில் கொடுத்தார்.

“விதியில இதுவும் இருந்திருக்கு. நாப்பத்தி மூணாம் பக்கம். நான்தான் அதுவரைக்கும் படிக்கல” என்றார். பிறகு புது ஒப்பந்தத்தை நீட்டினார். குருவி எட்டிப் பார்த்து, “என் பேரு எங்க?” என்று கேட்டாள். ‘உடன் வசிப்போர்’ என்ற இடத்தில் மேனேஜர் தன் பேனாவால் அவள் முழுப்பெயரையும் எழுதினார். எழுத்துப்பிழை வந்துவிட்டது. அவளே திருத்தினாள்.

வேன்காரன் ஒரே ஒரு தடவை வந்தான். பழைய சாவி நுழையவில்லை. கதவை உதைத்தான். அப்போது பகல் இரண்டு மணி. கீழே தூங்கிக்கொண்டிருந்த மனிதர் இந்த முறை துடைப்பத்தைத் தேடவில்லை. கைலியோடு படியேறி வந்து, போலீஸுக்குப் பேசியபடியே அவனுக்கு எதிரே நின்றார். முப்பத்தோரு வருடம் மாவு பிசைந்த கை அது. வேன்காரன் அந்தக் கையைப் பார்த்தான், போனைப் பார்த்தான், இறங்கிப் போனான். தெருமுனையிலேயே பிடித்துவிட்டார்கள். உத்தரவை மீறியதால் ஜாமீன் ரத்தானது.

அப்படியும் ஒரு சத்தம் மட்டும் மூன்றாம் மாடியில் நிற்கவில்லை. சாயங்காலம் ஆனால் அந்த அலமாரி தரையில் அரைபட்டு நகரும். காலையில் மறுபடி நகரும். புதுப் பூட்டு, புது ஒப்பந்தம், எல்லாம் இருந்தும் அவள் கதவுக்கு முட்டுக்கொடுத்துத்தான் படுத்தாள். ஆந்தையும் மனைவியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காகிதத்தில் வந்த நிம்மதி உடம்புக்குள் இறங்க நாளாகும் என்று மனைவி சொன்னாள்.

இரண்டு மாதம் ஆனது. மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குருவி இறங்கி வந்து கதவைத் தட்டினாள்.

“அம்மா உங்களைக் கூப்பிடறாங்க. ரெண்டு பேரையும்.”

மேலே போனார்கள். அந்தப் பெண் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள்.

“அண்ணா, இதை இங்கேருந்து எடுத்துடலாம்னு தோணுது” என்றாள். “தினம் தள்ளித் தள்ளித் தரையெல்லாம் கீறலாயிடுச்சு.”

“எங்க வைக்கணும்?”

“அதுதான் தெரியல.”

குருவி ஒன்று, இரண்டு, மூன்று சொன்னாள். தள்ளினார்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் வெளிச்சம் மறைக்கிறது என்றாள் மனைவி. உள்ளறைக்குள் கொண்டுபோனால் கதவு முழுக்கத் திறக்காது என்றாள் அந்தப் பெண். சமையலறை ஓரத்தில் வைக்கலாம் என்றால் தண்ணீர் தெறித்து மரம் ஊறிவிடும் என்று மனைவிக்குக் கவலை.

“அண்ணி, இது என் வீடு. நான் சொல்ற இடத்துல வைப்போம்” என்றாள் அந்தப் பெண். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது போல் ஒரு நொடி நின்றாள்.

“சரிம்மா, உன் வீடு, உன் அலமாரி” என்றாள் மனைவி. “சீக்கிரம் சொல்லு. உங்க அண்ணன் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.”